மூடின லைனைத் திறந்த கதை

சப்போர்ட் நிறுத்தின பழைய வெர்ஷனை மறுபடி பில்ட் பண்ணச் சொன்னா எனக்குக் கை நடுங்கும். 2019-ல போர்ஷே அதைத்தான் செஞ்சது.

911 ஜிடி2 ஆர்எஸ் உற்பத்தி முடிஞ்சிருச்சு. பிரேசிலுக்கான நாலு வண்டிகள் கிராண்டே அமெரிக்கா கப்பல்ல போச்சு. பிரான்ஸ் கரைக்கு அப்பால் தீப்பிடிச்சு, மார்ச் 12 அன்று கப்பல் மூழ்கியது. காப்பீடு பணம் தரும். தயாரிப்பு முடிஞ்ச காரைத் தராது. நாலே வண்டிக்காக உற்பத்தியைத் திரும்பத் தொடங்க முடிவு பண்ணினாங்க.

2022-ல அடுத்தது. ஜெர்மனியின் எம்டனிலிருந்து அமெரிக்கா போன ஃபெலிசிட்டி ஏஸ், சுமார் 4,000 கார்களோட அசோர்ஸ் தீவுகள் அருகே எரிந்து, மார்ச் 1 அன்று மூழ்கியது. மாலுமிகள் 22 பேரும் தப்பிச்சாங்க. 15 லம்போர்கினி அவென்டடார் அல்டிமே போச்சு; உலகத்துக்கே 600-தான் திட்டம். அந்த 15-ஐயும் மறுபடி செய்யவேண்டி வந்தது.

ஏன் இப்படி? இந்தக் கப்பல் ஒரு மிதக்கும் பார்க்கிங் மாடி. கார்களை ஓட்டியே ஏத்தி இறக்கணும், அதனால தளங்கள்ல குறுக்குச் சுவர் குறைவு. காருக்கு வழிவிடும் அந்தத் திறந்தவெளி தீக்கும் வழிவிடும்.

வண்டி எத்தனை கோடியானாலும், கடல்ல அதுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையாது.