குடகுக் கத்தியும் நான் சொன்ன தப்பான பதிலும்



1988 பத்தாம் வகுப்பு சுற்றுலா சிலருக்காவது நினைவிருக்கும். மடிக்கேரிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காக நம் பஸ் ஒதுங்கி நின்றது. மாப்பிள்ளைக்கு வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டுக் கச்சை, அதில் செருகிய வெள்ளிப் பூண் போட்ட சின்னக் கத்தி. ஜன்னலோரம் இருந்த ஒருவன், "கல்யாணத்துக்கு எதுக்கு சார் கத்தி?" என்றான். "சும்மா அலங்காரத்துக்குடா" என்று வாயை அடைத்துவிட்டேன். ஓய்வு பெற்றபின் உட்கார்ந்து படித்தபோதுதான் அது எவ்வளவு தப்பான பதில் என்று தெரிந்தது.

குடகர்களிடம் இரண்டு வகைக் கத்தி உண்டு. ஒன்று ஒடிக்கத்தி. அகன்று, முன்பக்கம் கனத்து, உள்ளே வளைந்திருக்கும். காடு வெட்டவும் போருக்கும் ஆகும். அந்த வளைவுக்கு உறை சரிப்படாது போலும். முதுகுப் பக்கம் இடுப்பில் கட்டிய பித்தளைக் கொக்கியில் வெறும் அலகாகவே மாட்டிக்கொள்வார்கள். கல்யாணத்தில் நட்டு வைத்த வாழைத்தண்டுகளை வெட்டும் மரியாதைக்கும் இதுதான்.

மற்றது நாம் பார்த்த பீச்சே கத்தி. நேரான சின்ன அலகு, ஒரு பக்கம்தான் கூர். கொல்லன் வேலை அத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் தட்டான் கைவேலை. மர உறைக்கு வெள்ளித் தகடு, கைப்பிடியில் வெள்ளி, பித்தளை, வசதிக்காரர் வீட்டில் தந்தம், சிலவற்றில் பிடியின் முனை கிளித்தலை மாதிரி. உறையிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும், அதில் பொம்மை அளவுக்குச் சின்னச் சின்னக் கருவிகள். இவ்வளவு வேலைப்பாட்டிலும் அலகை மட்டும் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

செப்டம்பர் முதல் வாரத்தில், நாற்று நடவு முடிந்ததும், கைல்போள்து பண்டிகை. கத்தி, துப்பாக்கி எல்லாவற்றையும் துடைத்து வைத்துப் பூஜை. சூட்டும் பூ எது தெரியுமா? நம் செங்காந்தள்!

சரி, இந்தக் கைத்தொழில் அங்கே மட்டும் எப்படித் தங்கியது? 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் நம் பக்கம் கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். வளரி போனது அப்படித்தான். வைத்திருக்கவே கூடாது என்று ஆனபிறகு எந்தக் கொல்லன் அடிப்பான், எந்தத் தட்டான் பூண் போடுவான்? குடகில் கதை வேறு. 1834இல் கம்பெனி அதைப் பிடித்தது. 1837இல் அங்கேயும் கலகம் வெடித்தது. குட்டெமனை அப்பையா கவுடாவை மடிக்கேரியில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கலகத்தை அடக்கத் துணைநின்ற குடகர்களுக்குக் கம்பெனி பதக்கம் கொடுத்தது. 1861இல் ஆயுதச் சட்டத்திலிருந்தே விலக்கும் கிடைத்தது.

அதாவது, அந்த மாப்பிள்ளையின் இடுப்பில் இருந்தது ஒரு சலுகை. அது யாருக்கு எதிராக நின்று கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டபொம்மன் பாடத்தை அவ்வளவு ஆவேசமாக நடத்தியவன், மறுபக்கத்தில் நின்றவர்களிடம் என்ன மிஞ்சியது என்று உங்களுக்குக் காட்டவே இல்லை. அதற்காக இன்றைய குடகர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தந்த வியாபாரத்துக்குத் தடை வந்துவிட்டது, பழைய பிடிகள் வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஆயுத விலக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது, 2019இல் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டவனே, இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. உன் முகம் நினைவிருக்கிறது, பெயர்தான் வரமாட்டேன் என்கிறது.