ஆள் விலகினால் அல்லல் விலகுமா?



ஆட்சியினால் அல்லலுறும் மக்கள் கூடிக் குரலெழுப்பும்போது, அக்குரல் பெரும்பாலும் ஒரு தனி மனிதரை நோக்கியே திரும்புகின்றது. "அவர் விலகட்டும்" என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும் கோரிக்கை. அவர் விலகியபின் அல்லலும் விலகிற்றா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

எமது நாலந்தா, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர். இரு நகரங்களும் 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கண்டவை. அக்காலத் தேசாதிபதி டொரிங்டன் பிரபு கடைக்கும், துப்பாக்கிக்கும், நாய்க்கும் வரி விதித்தார். ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், இன்றேல் பணம் கட்டுதல் வேண்டும் என்றும் சட்டம் செய்தார். யூலை 26 இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பெற்றார். இரு நாளில் மாத்தளை தாக்கப்பட்டது. அடுத்த நாளே இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். இக்கொடுமைகளைப் பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரித்தது. 1850 இல் டொரிங்டன் பதவி நீங்கினார். வரிகள் பல மறைந்தன. வீதிச் சட்டத்தின் சுமையோ மறையவில்லை. பின்னர் தலைவரியாகித் தொடர்ந்த அது, 1920களின் முற்பகுதியில் ஏ. ஈ. குணசிங்க முதலியோர் செலுத்த மறுத்துப் போராடிய பின்னரே ஒழிந்தது. தேசாதிபதி சென்று எழுபது ஆண்டுகள் அவருடைய சட்டம் வாழ்ந்தது.

அடுத்து 1953 ஐ நோக்குவோம். கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை வீழ்ந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ ஏறியிருந்தது. கூப்பன் அரிசி கொத்து ஒன்றின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்து 12 ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் நிகழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டிற் சிலர் மாண்டனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலிற் கூடியது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா விலகினார். சேர் ஜோன் கொத்தலாவலை வந்தார். அரிசி விலை சிறிது இறங்கியதேயன்றி, உடனே பழைய 25 சதத்தை அடையவில்லை. உலகச் சந்தையை நம்பி உண்ணும் நாட்டின் நிலையும் மாறவில்லை. விலகிய டட்லியை மக்களே 1965 இல் மீண்டும் ஆட்சிக்கு அழைத்தனர்.

2022 மே 6 ஆம் நாள் மீண்டும் ஒரு ஹர்த்தால். ஆசிரியர் பலருடன் யானும் அன்று வீதியில் நின்றேன். எரிவாயுவுக்கும் மருந்துக்கும் எழுந்த கோஷத்தில் என் குரலும் கலந்தது. சனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ விலகவேண்டும் என்ற கோஷத்திற் கலக்கவில்லை. அவர் செய்தவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. 2019 இன் வரிக்குறைப்பும், எமது பகுதி மரக்கறிச் செய்கையாளரை வாட்டிய 2021 இன் இரசாயனப் பசளைத் தடையும் அவர் ஆட்சியிலே நிகழ்ந்தவை. ஆனால் கடன் பல அரசாங்கங்கள் சேர்த்த கடன். அவர் நீங்கினும் அடுத்தவரைத் தெரிவது அதே பாராளுமன்றம். இதுவே என் ஐயம்.

யூலை 14 இல் அவர் விலகினார். 20 ஆம் நாள் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிந்தது. 1978 அரசியலமைப்பின் நிறைவேற்று சனாதிபதி முறை நீங்கவில்லை. 2024 சனவரியிற் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. ஏழையின் கடைச் சாமான் மீதே அச்சுமை விழுந்தது.

எனினும் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. என்னருகே நின்ற இளம் ஆசிரியர் ஒருவர், "பொறுப்பானவர் போகாவிட்டால் அடுத்தவர்க்கு எவ்வாறு அச்சம் வரும்?" என்று வினவினார். அவர் வினாவில் வரலாற்றின் வலுவும் உண்டு. 1953 இன்பின் அரிசி மானியத்தில் கைவைக்க அரசாங்கங்கள் நெடுங்காலம் அஞ்சின. டொரிங்டன் நீங்கிய நிகழ்ச்சி, தேசாதிபதியையும் கேள்வி கேட்கலாம் என்று காட்டிற்று. ஆகவே விலகற் கோரிக்கை வீண் அன்று. அது போதாது என்பதே என் துணிபு.

ஒருவர் நீங்கிய மறுநாள் மக்கள் வீடு திரும்புகின்றனர். சட்டமும் கடனும் திரும்புவதில்லை. கோரிக்கைப் பலகையில் ஒரு பெயரை எழுதுவோர், நீங்கவேண்டிய சட்டத்தின் பெயரையும் அதன்கீழ் எழுதுதல் வேண்டும். அது நீங்கும்வரை பலகையைக் கீழே வையாதிருத்தலும் வேண்டும்.