அண்டார்க்டிகாவின் குளிர்ப்பள்ளங்கள்

கிழக்கு அண்டார்க்டிகப் பீடபூமியில் டோம் ஆர்கஸ், டோம் ஃபூஜி ஆகிய பனிமேடுகளுக்கு இடையே செல்லும் முகட்டை ஒட்டியுள்ள ஆழமற்ற பள்ளங்கள். உயரம் கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கும் மேல். புவிப்பரப்பில் இதுவரை அளக்கப்பட்ட மிகக் கடுங்குளிர் இங்குதான். அளந்த கருவியோ சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளில் இருக்கிறது.

சோவியத் ஒன்றியம் 1957இல் அண்டார்க்டிகாவில் அமைத்த வோஸ்டோக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று −89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதைவிடக் குளிர்ந்த இடம் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும், ஆளில்லாப் பனிவெளியில் வெப்பமானியை எங்கே கொண்டுபோய் நடுவது? 1960இல் ஏவப்பட்ட முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஒளிப்படந்தான் எடுத்தது; மாதக்கணக்கில் இருள் கவிந்த துருவக் குளிர்காலத்துக்கு அது உதவாது. பனி உமிழும் அகச்சிவப்புக் கதிரை அளக்கும் கருவிகள் வந்த பிறகே வழி பிறந்தது. 1999இல் டெர்ரா செயற்கைக்கோளும் 2002இல் அக்வா செயற்கைக்கோளும் சுமந்து சென்ற மோடிஸ் கருவி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக நிலப்பரப்பின் வெப்பத்தைக் குறித்தது.

டெட் ஸ்காம்போஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு அத்தரவுகளை அலசி, 2010 ஆகஸ்ட் 10 அன்று −93.2 டிகிரி நிலவியதாக 2013இல் அறிவித்தது. தரையிலுள்ள தானியங்கி வானிலை நிலையங்களோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்தியபின், 2018இல் வெளியான ஆய்வில் அந்த எண் ஏறத்தாழ −98 ஆயிற்று. அதுவும் ஓரிடத்தில் அல்ல, சுமார் நூறு இடங்களில்! தனியொரு சாதனை எண்ணைவிட இந்தப் பரவலே முக்கியமான கண்டுபிடிப்பு.

இந்தப் பள்ளங்களின் ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான். நேரில் நின்று பார்ப்பவருக்குச் சமதளமாகவே தோன்றும். வானம் தெளிந்து காற்று ஓய்ந்தால் பனிப்பரப்பு தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழக்கிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் நீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. காற்றிலுள்ள சொற்ப நீராவியும் வெப்பத்தைக் கீழே திருப்பி அனுப்புமாதலால், அசாதாரண வறட்சி நாள்கணக்கில் நீடித்தால்தான் இந்த அளவுக்குக் குளிரும்.

செயற்கைக்கோள் காட்டுவது பனிப்பரப்பின் வெப்பநிலை. வானிலை நிலையங்கள் அளப்பது தரைக்கு மேலுள்ள காற்றின் வெப்பநிலை. −98 டிகிரிப் பனிக்கு மேலே, ஆள் உயரத்தில், காற்று ஏறக்குறைய −94 டிகிரியாக இருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. அதனால் உலக வானிலை அமைப்பின் அதிகாரபூர்வப் பட்டியலில் மிகக் குறைந்த வெப்பநிலையாக வோஸ்டோக்கின் −89.2 டிகிரியே நீடிக்கிறது.