மூச்சைக் கேட்கும் பாட்டு

தூக்கம் விலைக்கு வாங்கக்கூடிய சரக்காக இருந்தால், உலகத்தில் ராஜாக்களும் பிரபுக்களும்தான் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் நேர்மாறாக இருக்கிறது. பட்டு மெத்தையில் புரண்டவர்கள் பெரிய பெரிய சங்கீத வித்வான்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்கள். பழம்புடவைத் தூளியில் கிடந்த குழந்தையோ, காலணாச் செலவில்லாமல், ஒரு கிழவியின் தொண்டையை மட்டும் நம்பித் தூங்கிப் போயிருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு என்ன காரணம் என்று நான் யோசித்ததுண்டு.

ஸ்பெயின் தேசத்து அரசர் ஐந்தாம் பிலிப்பைப் பாருங்கள். தீராத மனச்சோர்வு அவரைப் பிடித்திருந்தது. இரவைப் பகலாகவும் பகலை இரவாகவும் ஆக்கிக்கொண்டு அரண்மனையையே திண்டாட வைத்தார். ராணி எலிசபெத் பார்னேசே 1737-இல் பாரினெல்லி என்ற மகா பாடகரை மாட்ரிட்டுக்கு வரவழைத்தாள். ஐரோப்பா முழுவதும் அவருடைய குரலுக்காக ஏங்கிக் கொண்டிருந்த சமயம் அது. 1746-இல் அரசர் கண்மூடும் வரையில் அந்தக் குரல் அவர் ஒருவருக்காகவே இரவுதோறும் ஒலித்தது. அரசருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது, நோய் தீரவில்லை.

இன்னொரு கதை ஜெர்மனியில். ஸாக்ஸனி அரசவையில் ருஷ்யத் தூதராக இருந்தவர் கைசர்லிங் பிரபு. அவருக்குத் தூக்கமின்மை வியாதி. கோல்ட்பெர்க் என்ற இளம் வித்வானைப் பக்கத்து அறையில் படுக்க வைத்து, விழிப்புக் கண்டபோதெல்லாம் வாசிக்கச் சொல்வாராம். அதற்கென்று மேதை பாஹ் முப்பது வேறுபாடுகள் கொண்ட ஓர் உருப்படியை இயற்றிக் கொடுத்ததாகவும், பிரபு ஒரு தங்கக் கிண்ணத்தில் நூறு பொற்காசு நிரப்பிப் பரிசளித்ததாகவும் போர்க்கெல் என்பவர் 1802-இல் எழுதி வைத்தார். கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1741-இல் அச்சான அந்தப் புத்தகத்தில் பிரபுவின் பெயரே இல்லை. கோல்ட்பெர்க்குக்கு அப்போது வயது பதினான்கு. ஆகவே ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். கதை நிஜமென்றே வைத்துக் கொண்டாலும், போர்க்கெல் சொல்கிறபடி பிரபு கேட்டது தூக்க மருந்து அல்ல. தூங்காத ராத்திரிகளில் மனத்துக்குக் கொஞ்சம் உற்சாகம்!

இரண்டு கதையிலும் ஒரு பொதுக் குறை தெரிகிறது. சங்கீதம் தன் வழியே சென்றது. படுத்திருப்பவர்தான் அதைப் பின்தொடர வேண்டியிருந்தது. தூக்கமில்லாதவனால் அது எப்படி முடியும்?

நம்முடைய தாலாட்டு இதற்கு மாறான முறையைக் கையாளுகிறது. 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஓசை என்பதால் தாலாட்டு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பெரியாழ்வார் கண்ணனுக்கும், குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் தாலப் பருவம் மூன்றாவது. ஆனால் ஏட்டில் ஏறிய பாட்டைப் பற்றி அல்ல நான் சொல்ல வந்தது. தூளியடியில் உட்கார்ந்து பாடுகிறவளின் வேலையைப் பற்றி.

அந்தப் பாட்டில் வல்லோசை குறைவு. ரகரமும் லகரமும் நெட்டெழுத்துக்களோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். ஓரடி ஏறக்குறைய ஒரு மூச்சு. பாடுவது என்பதே மூச்சை மெதுவாக வெளியே விடுவதுதான். மூச்சை இழுக்கும்போது நம் இதயம் சற்று விரைகிறது. விடும்போது சற்று நிதானப்படுகிறது. ஆகவே நீண்ட அடிகளைப் பாடுகிற தாய் முதலில் தன்னையே அமைதிப்படுத்திக் கொள்கிறாள். தூளிக் கயிற்றைப் பிடித்தபடியே அவள் தூங்கி விழுவதில் ஆச்சரியமில்லை!

அதைவிட முக்கியம், அவளுடைய காது. பிறந்த குழந்தை நிமிஷத்துக்கு முப்பது முதல் அறுபது முறை மூச்சு விடுகிறது, அதுவும் சீரில்லாமல். ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது ஒழுங்குபடும். குழந்தை வீறிட்டால் பாட்டும் ஓங்கும். விம்மல் தணிந்தால் பாட்டும் தணியும். மூச்சு சீரானதும் சொற்கள் உதிர்ந்துபோய் வெறும் முனகல் மிஞ்சும். பிறகு அதுவும் நிற்கும். குழந்தையின் நிலைக்கு முதலில் இறங்கி வந்து, பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போகிற வித்தை இது.

விஞ்ஞானம் இந்த இடத்துக்கு வந்து சேரச் சிறிது காலம் பிடித்தது. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் ஸால்க்கின் தம்பி லீ ஸால்க் ஒரு மனோதத்துவ நிபுணர். 1960-ஐ ஒட்டி அவர் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில், பிறந்த குழந்தைகளுக்கு நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கும் இதய ஒலியை இரவும் பகலும் ஒலிபரப்பினார். குழந்தைகள் குறைவாக அழுதன. எடையும் கூடியது என்றார். ஆனால் பின்னால் சோதித்த எல்லோருக்கும் அதே பலன் கிட்டவில்லை. அந்தப் பெட்டி எல்லாக் குழந்தைக்கும் ஒரே தாளம் போட்டது. எந்தக் குழந்தையின் மூச்சையும் அது கேட்கவில்லை.

அமெரிக்காவின் ஈவ்லின் தோமன் அம்மையார் வேறு வழியில் போனார். குறைமாதக் குழந்தையின் கண்ணாடித் தொட்டிலில் ஒரு கரடிப் பொம்மையை வைத்தார். அந்தக் குழந்தையின் மூச்சு வேகத்தையே அளவாகக் கொண்டு பொம்மையின் உடல் ஏறி இறங்கும். அதில் சத்தம் முக்கியமில்லை, அசைவுதான். 1991-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? தலைகூட நிமிராத அந்தச் சிசுக்கள் மெல்ல மெல்ல நகர்ந்து கரடியை அண்டிக்கொண்டன. அமைதியான தூக்கமும் கூடியது.

2013-இல் ஜோன் லோவி என்ற இசைச் சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் 11 ஆஸ்பத்திரிகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆராய்ச்சி வெளிவந்தது. சிறு உலோக மணிகள் உருளும் வட்டமான வாத்தியம் ஒன்று. கருப்பையின் ஓசையைப் போல 'உஸ்'ஸென்று ஒலிக்கும். குழந்தையின் மூச்சைப் பார்த்துப் பார்த்து அதை வாசித்தார்கள். தூக்கம் சீர்பட்டது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைத் தாலாட்டாகப் பாடியபோது குழந்தைகள் நன்றாகப் பால் குடித்தன. பெற்றோருடைய கவலையும் குறைந்தது.

இந்தக் கடைசி விஷயம்தான் என் மனத்தைத் தொட்டது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தாயால் குழந்தையை எடுத்து அணைக்க முடியாது. பால் கொடுக்கவும் முடியாமல் போகலாம். 'நான் எதற்கு இங்கே நிற்கிறேன்?' என்று அவள் தவிக்கிறாள். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது: மூச்சைக் கவனித்துப் பாடுவது.

இப்போது கைப்பேசியில் மழை பெய்கிறது, அலை அடிக்கிறது. விடிய விடிய அலுக்காமல் அடிக்கிறது. அதைக் கேட்டுத் தூங்குகிறவர்கள் பாக்கியசாலிகள்; அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நீங்கள் தூங்கிவிட்டீர்களா என்று அந்த மழைக்குத் தெரியாது. தூளியடியில் இருப்பவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் பாட்டை நிறுத்துகிறாள்.