கைநடுக்கமும் கணினி உள்ளீட்டுக் கருவிகளும்: தென்சென்னைப் புறநகர் நோக்கில் ஒரு வரலாறு

கைநடுக்கம் உடையோர் கணினியில் எழுதவும் சுட்டவும் உதவும் கருவிகளின் வரலாறு, நடுங்கும் கையை இயந்திரம் சிறிது சிறிதாகப் பொறுத்துக்கொள்ளக் கற்றதன் வரலாறு ஆகும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் ஓய்வூதியர் பலர் வாழ்கின்றனர். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், 2014இல் நடைமுறைக்கு வந்த மின்னணு வாழ்நாள் சான்று ஆகிய யாவும் இன்று திரையின் வழியே நடைபெறுகின்றன. கை நடுங்குபவர் தம் கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்ல நேர்கிறது. ஆகவே தக்க கருவியைத் தேர்ந்தெடுப்பது வசதியை மட்டுமன்றித் தன்னுரிமையையும் சார்ந்தது.

நடுக்கத்தின் வகைகள்

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். பின்னர் அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. இந்நோயில் கை ஓய்ந்திருக்கும்போது நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். கையை அசைத்தால் நடுக்கம் பெரும்பாலும் குறையும். முதன்மை நடுக்கம் எனப்படும் மற்றொரு வகை இதற்கு மாறானது. ஒரு பொருளை எடுக்கவோ எழுதவோ முயலும்போதுதான் அது மிகும். ஒருவருக்கு உதவும் கருவி மற்றவருக்கு உதவாமற்போவதற்கு இவ்வேறுபாடு முக்கியக் காரணமாகும்.

தட்டச்சுப்பொறியிலிருந்து கணினிக்கு

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய முன்னோடி. 247 எழுத்துகளைச் சில விசைகளில் அடக்க அவர் நகரா விசை முறையைக் கையாண்டார். பிற்காலத்தில் புறநகர்த் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் பயின்ற பலர் அரசு அலுவலர் ஆயினர்.

பழைய தட்டச்சுப்பொறியின் விசையை அழுத்தி அடித்தால்தான் எழுத்து விழும். விரல் தவறித் தொட்டால் ஒன்றும் ஆகாது. கணினியின் விசையோ மெல்லத் தொட்டாலும் பதியும். இதனால் நடுங்கும் விரல் ஒரே எழுத்தை இரண்டு மூன்று முறை பதித்துவிடுகிறது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இதற்கு ஒரு தீர்வைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. குறித்த நேரத்திற்குள் மீண்டும் அழுத்தப்படும் விசையைப் புறக்கணித்தல், சற்று நேரம் அழுத்தினால் மட்டுமே ஏற்றல், ஷிப்ட் போன்ற விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த விடுதல் ஆகிய அமைப்புகளே அவை. இன்றும் கூடுதல் செலவின்றி இவற்றைப் பயன்படுத்தலாம்.

சுட்டியும் தடப்பந்தும்

டக்ளஸ் எங்கல்பர்ட் குழுவினர் 1964இல் முதல் சுட்டியைச் செய்தனர். சுட்டியை நகர்த்தும் கையே பொத்தானையும் அழுத்துவதால், நடுக்கம் உடையோர்க்கு அழுத்தும் கணத்தில் குறி விலகிவிடும். சுட்டிக்கு முந்தியது தடப்பந்து. 1952இல் கனடா கடற்படையின் திட்டமொன்றில் பந்துவீச்சு விளையாட்டின் பந்தைக் கொண்டே அது அமைக்கப்பட்டது. தடப்பந்தில் கருவி அசையாது; உள்ளங்கை மேசைமேல் ஊன்றியிருக்கும். பந்தை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தலாம். 2005இல் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் ஜேம்ஸ் லெவின் உருவாக்கிய இணைப்புக் கருவி, நடுக்க அசைவை வடிகட்டிவிட்டு வேண்டிய அசைவை மட்டும் கணினிக்கு அனுப்பியது.

சென்னையின் முயற்சிகள்

1985இல் தொடங்கப்பட்டு, இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான அமைப்பு. கையைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைக்கு ஒற்றைப் பொத்தானே போதும் என்ற முறை இத்துறையில் முக்கியமானது. திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய சொல் வரும்போது தலையாலோ கையாலோ பொத்தானைத் தட்டலாம். சென்னை ஐஐடியில் பயின்ற அஜித் நாராயணன், வித்யாசாகரின் துணையுடன் உருவாக்கிய ஆவாஸ் கருவி இம்முறையைக் கொண்டிருந்தது. முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் புறநகர் மக்கள் நாடக்கூடிய மையமாகும்.

தமிழ் 99

தமிழில் எழுதுவோர்க்கு விசைப்பலகை அமைப்பும் ஒரு கருவியே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தமிழ் 99 அமைப்பை ஏற்றது. இதில் கிரந்த எழுத்துகளுக்கு அன்றித் தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்ட் விசை தேவையில்லை. ‘தாம்பரம்’ என எழுத, த, ஆ, ம, ப, ர, ம, புள்ளி என ஏழு தட்டல்கள் போதும். ‘ம்ப’வில் புள்ளி தானே விழும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதோர்க்கு இது பெருநன்மை.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும். ‘பல’ என எழுத முயலும் நடுங்கும் விரல் ‘பல்ல’ என எழுதிவிடும். மீள்தட்டலைப் புறக்கணிக்கும் அமைப்பை அரை நொடிக்கு வைத்தால் இத்தவறு நீங்கும். நடுக்கத்தின் ஒரு சுற்று கால் நொடிக்கு மேல் நீடிப்பதில்லை. ஆனால் ‘அம்மா’வின் இரண்டு மகரங்களுக்கு இடையே அரை நொடிக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும்; விரைந்து தட்டினால் ‘அமா’ என்றே வரும்.

சட்டமும் குரலும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. முதன்மை நடுக்கம் அவ்வாறு பெயர் பெறவில்லை. 2017இல் கூகுள் தமிழ்க் குரல்வழி எழுத்தை வெளியிட்டது. எனினும் பார்க்கின்சன் நோய் குரலையும் தாழ்த்தும். கடவுச்சொல்லை உரக்கச் சொல்வதும் பொருந்தாது. எனவே விசைப்பலகையின் தேவை நீங்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் நடுக்கம் ஓய்விலா செயலிலா என அறிதல் வேண்டும். அடுத்து, செலவில்லாத மென்பொருள் அமைப்புகளை மாற்றிப் பார்க்கலாம். அதன்பின் தடப்பந்தையும், விசைகளின்மேல் பொருத்தும் துளையிட்ட காப்புத் தட்டையும் கையால் தொட்டுச் சோதித்தே வாங்க வேண்டும். மருந்தின் வேகம் குறையும் வேளையில் நடுக்கம் மிகுவதுண்டு. ஆகவே அந்த வேளையிலும் சோதிப்பது நன்று. கை நன்றாக இருக்கும்போது மட்டும் பயன்படும் கருவி, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.