பெரட்டுக்குப் போன நல்லதங்காள்

எங்கள் மாமா மீசை வைத்து நான் பார்த்ததில்லை. நல்லதங்காள் வேடம் கட்டுகிறவருக்கு மீசை எதற்கு?

மலேசியாவில் ஜெராம், ஈஜோக், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை எனத் தோட்டம் தோட்டமாகப் போய் ஆடிய நாடக செட்டுகள் இப்போது இல்லை. அவை செத்த தேதி தெரியாததால் கருமாதியும் நடக்கவில்லை.

செட்டில் எல்லாரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். ஆர்மோனியம் சைக்கிளில், கிரீடப் பெட்டி தோட்டத்து லாரியில். மாரியம்மன் திருவிழா என்றால் விடிய விடிய ஆட்டம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கப்பலேறி வந்தவை. ஆனால் லயத்துப் பெண்கள் கேட்டது நல்லதங்காளை. திடலில் பால் பீப்பாய்தான் கிணறு. மாமா பிள்ளைகளை ஒவ்வொன்றாக முத்தி உள்ளே போடுவார். நாலாவதுக்கே முன்வரிசை அழத் தொடங்கிவிடும். ஆறு பிள்ளைகள் துணிமூட்டை. தப்பி ஓடிப் பிடிபடுகிற ஏழாவது, நான். ஒட்டுப்பால் நாற்றத்தில் மூச்சடக்கி, என் உடன்பிறப்புகள்மேல் குந்தியிருப்பேன்.

விடிந்தால் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் வடியாது, தண்டல் விடமாட்டார். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும் காதோரம் முத்துவெள்ளை ஒட்டியிருக்க, நல்லதங்காள் வெட்டுக்கத்தியோடு நிரையில் நிற்பாள். மழை வந்தால் வெட்டு இல்லை, தூங்கலாம். ஆனால் அதே மழை முந்தின இரவே வந்தால் நாடகமும் போச்சு.

1948-இல் அவசரகாலம் வந்து இரவு ஊரடங்கு போட்டார்கள். அதையும் செட்டு தாண்டியது என்பார் மாமா. 1963 டிசம்பர் 28-இல் தொடங்கிய டிவிதான் கொன்றது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை, கிராணி வீட்டில் டிவி வந்த பிறகும் நான் பீப்பாய்க்குள் இறங்கியிருக்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை கைகள் வேண்டாம். அப்புறம் தோட்டமே வீடமைப்புக்கு விலைபோனது. ஒரு குடும்பம் கிள்ளானுக்கு, ஒன்று ரவாங்குக்கு. ஆர்மோனியம் இல்லாமல்கூட ஆடிவிடலாம். நாலாவது மூட்டைக்கு அழுகிற முன்வரிசையை எங்கே போய்க் கூட்டிவருவது?

கிரீடப் பெட்டி இப்போது புஞ்சாக் ஆலாமில், மாமாவின் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. அத்தை அதில் முறுக்கு அச்சுகளை வைத்திருக்கிறார். மூடினால் அச்சில் பவுடர் வாசம் ஏறுகிறதாம். எப்போதும் திறந்தே கிடக்கிறது.