அரைக்காசு அம்மன்: பேர் வந்த வழி

மூக்குத்தித் திருகாணியோ பீரோ சாவியோ கைதவறிப் போனால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு குரல் எழும்: "அரைக்காசம்மா, கண்ணுல காட்டும்மா, வெல்லம் வைக்கிறேன்." பொருள் கிடைத்ததும் ஒரு வெல்லக்கட்டியை விளக்கின் முன் வைத்து, உடைத்து, எல்லோர் கையிலும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். இப்படி வேண்டிக்கொள்ளும் பலருக்கு அந்த அம்மனின் ஊர் புதுக்கோட்டை என்பது தெரிந்திருக்காது.

புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில், குன்றைக் குடைந்த பழைய சிவன் கோயிலில் இருக்கும் பிரகதாம்பாள்தான் அவள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அரசர்கள் தங்களைப் 'பிரகதாம்பாதாஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள். 'பிருகத்' என்றால் பெரிய, 'அம்பாள்' என்றால் தாய். தமிழில் பெரியநாயகி. பேரிலேயே பெருமை உள்ள தாய்க்கு அரைக்காசு என்று எப்படிப் பேர் வந்தது?

விடை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் செப்புக்காசில் இருக்கிறது. ஒரு பக்கம் அமர்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஊர் இதை அம்மன் காசு என்றது. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு, அதாவது ரூபாய்க்கு 320. ஆங்கிலேயரின் தம்படி அணாவுக்கு 12. தம்படியைவிடவும் சிறிய காசு இது. நவராத்திரியில் அரண்மனையிலிருந்து மக்களுக்கு அரிசி அளந்தபோது கூடவே இந்தக் காசும் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய அம்மன், அரிசியோடு சேர்ந்து முந்தானை முடிச்சுக்குள் வந்தாள். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; காசும் புழக்கத்திலிருந்து போயிற்று.

'காசு' என்ற சொல் அந்தச் செம்பைவிட மிகப் பழையது. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, புதுநூலில் கோக்கப் பொற்கொல்லர் நகநுனியில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். அங்கே காசு அணிகலனில் கோக்கும் மணி. காசுமாலை என்ற நகையின் பேரில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிறகு சொல் கழுத்திலிருந்து கடைவீதிக்கு இறங்கி நாணயத்தைக் குறித்தது. போர்ச்சுகீசியர் வாயில் அது 'காய்ஷா' ஆகி, ஆங்கிலேயர் ஏட்டில் 'கேஷ்' என்று ஏறியது. சீனத்துச் சதுரத் துளைக் காசுக்கும் ஐரோப்பியர் அந்தப் பேரையே வைத்தார்கள். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு; அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இனி 'அரை'. அம்மன் உருவம் பொறித்த அரைக்காசு வழங்கியதால் இந்தப் பேர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் காரணம். எதில் பாதி என்று கணக்குப் போடுவதைவிட, பேச்சில் அரைக்காசு எதைக் குறித்தது என்று பார்ப்பதே பயன் தரும். 'அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது' என்பது பழமொழி. ஆயிரம் பொன் ஒரு கோடி என்றால் அரைக்காசு மறுகோடி. இதற்குக் கீழே மதிப்பே கிடையாது என்ற எல்லைக்கு அது பேர். மானம் திரும்பாது என்று பழமொழி சொன்ன அதே அரைக்காசைத்தான், தொலைந்ததைத் திருப்பித் தரும் தாய்க்குப் பேராக மக்கள் வைத்தார்கள்.

பொன்னின் கதை வேறு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளிவெட்டு விழுந்திருக்கிறது. தங்கத்தில் இருந்த அரசமுகங்களின் பேரை இந்த மண் வைத்துக்கொள்ளவில்லை. செம்பில் இருந்த தாயின் முகத்துக்கோ, காசு செல்லாமல் போன பிறகும் அந்தக் காசின் பேர் நிலைத்துவிட்டது. சென்னை வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்தில் அரைக்காசு அம்மன் என்ற பேரிலேயே தனிக்கோயில் எழும் அளவுக்கு அது பயணம் போயிருக்கிறது.

தெய்வத்தின் பேர் காசுக்கு வருவது உலக வழக்கம். புதுக்கோட்டையில் அம்மன் காசு என்று அதுவும் நடந்தது. காசின் பேர் தெய்வத்துக்கு ஏறுவதும் நடந்தது. அர்ச்சனைக்குப் பிரகதாம்பாள், அவசரத்துக்கு அரைக்காசம்மா. திருகாணி தொலைந்ததற்கு யாரும் காவல் நிலையத்துக்குப் போக மாட்டார்கள். ஆனால் அன்றாடம் காய்ச்சும் குடும்பத்தில் அந்தத் திருகாணி பெரிய சொத்து. அதை இழப்பென்று மதித்துக் கேட்க ஒருத்தி வேண்டும். பெரியநாயகியின் பெருமை சற்றும் குறையாமல், ஏழையின் சிறிய இழப்புக்கு மரியாதை சேர்த்த பேர் இது.